கம்ப்யூட்டர்ல கேம் போட்டா டக்குனு ஆஃப் ஆகுது, மீட்டர்ல 12 வோல்ட் சரியா காட்டுது, அப்ப எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கா?

கேள்விய சுருக்கி சொன்னா இதுதான்: பிரவுசிங், வீடியோன்னா நாள் முழுக்க ஓடுது, கேம் போட்டா கொஞ்ச நேரத்துல சிஸ்டம் மொத்தமா ஆஃப் ஆயிடுது, எஸ்எம்பிஎஸ்ல (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்கற பெட்டி) இருந்து மதர்போர்டுக்குப் போற 24 பின் கனெக்டர்ல பேப்பர் கிளிப் வச்சுப் பாத்தா ஃபேன் சுத்துது, மல்டிமீட்டர்ல 12.1 வோல்ட் வருது, அதனால எஸ்எம்பிஎஸ் ஓகே, அப்ப கிராஃபிக்ஸ் கார்டா இல்ல மதர்போர்டா, எத மாத்தறது?

இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. நீங்க பண்ண ரெண்டு டெஸ்ட்டும் எஸ்எம்பிஎஸ் "செத்துப் போகல"ன்னு மட்டும்தான் சொல்லுது, நல்லா இருக்குன்னு சொல்லல. பேப்பர் கிளிப் வச்சு பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேத்தா ஆன் ஆகுன்னு ஒரு சிக்னல் போகுது, உள்ள இருக்கற சர்க்யூட் ஸ்டார்ட் ஆகுது, ஃபேன் சுத்துது, அந்த நேரத்துல அதுகிட்ட இருந்து இழுக்கற கரண்ட் ஒரு ஆம்பியர் கூட இருக்காது. கேம் ஓடும்போது அதே 12 வோல்ட் லைன்ல 30, 35 ஆம்பியர் போகுது. மூட்டைய தலையில ஏத்தாமலே ஆள் நல்லா தூக்குவான்னு சொல்ற கதைதான் இது. இந்த டெஸ்ட் ஃபெயில் ஆனா அது ஒரு தகவல், பாஸ் ஆனா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. கடைகள்ல கிடைக்கற அந்த சின்ன டிஸ்ப்ளே வச்ச எஸ்எம்பிஎஸ் டெஸ்டரும் இதே ரகம்தான், வயர் மாறியிருக்கா, ஏதாவது ஒரு லைன் மொத்தமா இல்லையான்னு பாக்க உதவும், லோடு தாங்குமான்னு அதுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், பேப்பர் கிளிப் வச்சு ஃபேன் சுத்தலன்னா கூட உடனே தூக்கிப் போட்றாதீங்க. இப்ப வர்ற நிறைய மாடல்ல லோடு கம்மியா இருந்தா ஃபேன் நிக்கற மாதிரிதான் டிசைனே, ஸ்டார்ட்ல ஒரு அரை சுத்து சுத்திட்டு நின்னுடும். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கோ கேபினெட் ஃபேனோ மாட்டிட்டு டெஸ்ட் பண்ணுங்க, அது ஓடுதான்னு பாருங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகம்னா எல்லாரும் முதல்ல மீட்டரத்தான் எடுக்கறாங்க, என்னைக் கேட்டா மீட்டர் ரெண்டாவது. முதல்ல பாக்க வேண்டியது அது எப்படி ஆஃப் ஆகுதுங்கறத. அத ஒழுங்கா கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும், ஆனா கேக்கறவங்க எல்லாருமே "ஆஃப் ஆகுது" அப்படின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு போயிடறாங்க, அதுக்குள்ள நாலஞ்சு வேற வேற கோளாறு ஒளிஞ்சிருக்கு.

ஸ்கிரீன் கறுப்பாயிடுது, ஆனா கேபினெட் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு, கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் திடீர்னு ஃபுல் ஸ்பீடுல அலறுது, ஹெட்போன்ல சவுண்ட் கொஞ்ச நேரம் வந்துட்டே இருக்குன்னா, 12 வோல்ட் மொத்தமா போகலன்னு அர்த்தம், சிஸ்டத்துக்கு உயிர் இருக்கு, கார்டு மட்டும் விழுந்துடுச்சு. இதுல சந்தேகம் முதல்ல கார்டு, அப்புறம் டிரைவர், அப்புறம் கார்டுக்குப் போற பவர் கேபிள், அதுக்கப்புறம்தான் எஸ்எம்பிஎஸ். நீல ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகுதுன்னா பெரும்பாலும் ரேம், டிரைவர், ஓவர்கிளாக் (சிப்ப கம்பெனி வச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்டறது) பக்கம் பாக்கணும். விண்டோஸ்ல நீல ஸ்கிரீன் வந்த உடனே தானா ரீஸ்டார்ட் ஆகற செட்டிங் வழக்கமா ஆன்லதான் இருக்கும், அதனால நீல ஸ்கிரீன் கண்ணுக்கே படாம பவர் போன மாதிரி தெரியும், சிஸ்டம் பிராப்பர்ட்டிஸ்ல ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரிக்குள்ள போய் அத எடுத்து விட்டுட்டு அப்புறம் டெஸ்ட் பண்ணுங்க.

உங்களுக்கு வர்றது மூணாவது வகை, ஃபேன், லைட்டு, எல்லாம் ஒரே நொடியில போயிடுது. இதுலயும் அடுத்து என்ன நடக்குதுன்னு பாக்கணும். தானா திரும்ப ஆன் ஆகுதா? பட்டன் அமுத்துனா உடனே வருதா? பட்டன் எத்தன தடவ அமுத்துனாலும் வராம, பின்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணி இல்ல பிளக்க புடுங்கி கொஞ்ச நேரம் விட்டு போட்டாத்தான் வருதா? கடைசியா சொன்னது மாதிரி இருந்தா எஸ்எம்பிஎஸ்ஸோட பாதுகாப்பு சர்க்யூட் டிரிப் ஆகி லாக் ஆயிருக்குன்னு பெரிய அளவுல நம்பலாம். ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், இதுல எது வந்தாலும் ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப்புக்கான பொதுவான ஸ்டாண்டர்டு) எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே ஆஃப் பண்ணி பூட்டிக்கும், பவர எடுத்து விட்டாத்தான் அந்தப் பூட்டு பல நேரம் விடும். பிளக்க புடுங்கி ஒரு நிமிஷம் விட்டும் வராம, பத்து பதினஞ்சு நிமிஷம் ஆறினதுக்கு அப்புறம்தான் வருதுன்னா சூடு, அதாவது உள்ள ஃபேன் நின்னு போயிருக்கலாம், தூசி அடைச்சிருக்கலாம், காத்து இழுக்கற பக்கம் தரையோட ஒட்டி இருக்கலாம்.

தானா ஆஃப் ஆகி உடனே தானா ஆன் ஆகுதுன்னா கதை கொஞ்சம் வேற. கரண்ட் ஒரு கணம் தொய்ஞ்சு போனாலோ எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற பவர் குட் சிக்னல் (வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்குன்னு போர்டுக்குச் சொல்றது) விழுந்தாலோ மதர்போர்டு ரீசெட் ஆகும், பயாஸ்ல கரண்ட் வந்த உடனே ஆன் ஆகற செட்டிங் போட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும். கேபினெட்டோட ரீசெட் பட்டன் உள்ள அமுங்கி மாட்டிக்கிட்டு இருந்தாலும் இதே மாதிரிதான், சிரிக்காதீங்க, முன்பக்க பேனல் வயர்கள கழட்டி விட்டுட்டு மதர்போர்டுல இருக்கற பவர் சுவிட்ச் பின் ரெண்டையும் ஸ்க்ரூடிரைவரால ஒரு செகண்ட் தொட்டு ஆன் பண்ணி ஓட்டிப் பாத்தா இந்த சந்தேகம் அஞ்சு நிமிஷத்துல தீந்துடும்.

விண்டோஸ் எரர்கள பதிவு பண்ணி வைக்கற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு ஒரு எரர பாத்துட்டு "பவர்னு போட்டிருக்கே, அப்ப எஸ்எம்பிஎஸ்தான்"னு முடிவு பண்றவங்க நிறைய பேர். அந்த 41 சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், போன தடவ விண்டோஸ் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னு. நீங்களே பிளக்க புடுங்கினாலும் 41தான் வரும், பட்டன அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணாலும் 41தான். அதத் திறந்து டீடெயில்ஸ்ல பக்செக்கோட் என்னன்னு பாருங்க, 0 அப்படின்னா விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்கக் கூட நேரம் கிடைக்கல, ஒண்ணு கரண்ட் போயிருக்கு, இல்ல மெஷின் முழுசா ஹேங் ஆயிருக்கு. 0 இல்லாம வேற நம்பர் இருந்தா அது நீல ஸ்கிரீன், அந்த நம்பர வச்சு தேடுங்க. அதே நேரத்துல பக்கத்துல WHEA-Loggerனு (ஹார்டுவேர் கோளாற பதிவு பண்றது) எரர் இருந்தா பிராசஸர், ரேம், மதர்போர்டுன்னு அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்க.

அடுத்தது சூடு. பிராசஸர் 95, 100 டிகிரி தொட்டா முதல்ல ஸ்பீட குறைச்சுக்கும், அதையும் தாண்டினா டக்குனு பவர கட் பண்ணிடும், வெளிய இருந்து பாக்க எஸ்எம்பிஎஸ் போன மாதிரியே இருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி சூட்ட அளந்து காட்டற சாஃப்ட்வேர் ஒண்ணப் போட்டு ஃபைல்ல லாக் எழுத விட்டுட்டு கேம் ஆடுங்க, ஆஃப் ஆன பிறகு அந்த ஃபைலோட கடைசி வரிகள பாருங்க, பிராசஸர் 70, கார்டு 72ன்னு இருக்கும்போதே ஆஃப் ஆயிருந்தா அதுங்க மேல சூடு சந்தேகம் போயிடுச்சு. ஆனா அதே சாஃப்ட்வேர்ல 12 வோல்ட்னு ஒரு வரி இருக்கும், அத நம்பி தயவுசெய்து எந்த முடிவும் எடுக்காதீங்க. மதர்போர்டுல இருக்கற சென்சார் சிப் ரெசிஸ்டர் வச்சு வோல்டேஜ பிரிச்சு அளக்குது, எந்த போர்டுல எத்தனால பெருக்கணும்னு சாஃப்ட்வேர் கணக்கு தப்பா வச்சிருந்தா 12 வோல்ட் 8 வோல்ட்னு காட்டும், நிஜமாவே 8 வோல்ட்னா அந்த நம்பரப் படிக்க சிஸ்டம் ஓடிட்டு இருக்காது. ஒரே மெஷின்ல ஐடில்லயும் (சும்மா இருக்கும்போது) லோடுலயும் எவ்வளவு இறங்குதுன்னு வித்தியாசம் பாக்க மட்டும் வேணா அத வச்சுக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளிய இருக்கறதையும் விட்டுடாதீங்க. யூபிஎஸ் வழியா ஓட்டறீங்கன்னா அத எடுத்துட்டு நேரா சுவர் சாக்கெட்ல போட்டு கேம் ஆடிப் பாருங்க. 600 விஏ யூபிஎஸ்னா அது 600 வாட் இல்ல, நிறைய மாடல்ல 360 வாட் பக்கம்தான் தரும், கார்டும் பிராசஸரும் சேந்து இழுத்தா யூபிஎஸ்ஸே ஓவர்லோடுன்னு கட் பண்ணிடும். இன்னொண்ணு, விலை கம்மியான யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது சுத்தமான சைன் வேவ் தராது, படி படியா ஒரு வேவ் தரும், ஆக்டிவ் பிஎஃப்சி (மெயின்ஸ்ல இருந்து கரண்ட சீரா இழுக்க வைக்கற சர்க்யூட்) இருக்கற எஸ்எம்பிஎஸ் சிலதுக்கு அது ஒத்துக்காம அந்த மாறுற நொடியிலேயே ஆஃப் ஆயிடும். ரெண்டும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கும், சேந்தாத்தான் பிரச்சினை, இதுக்காக எஸ்எம்பிஎஸ் மாத்தி ஏமாந்தவங்க உண்டு. சாக்கெட்ல இருந்து வர்ற பவர் வயர் எஸ்எம்பிஎஸ்ஸோட பின்பக்கம் லூசா ஆடுதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகுதா, இதையும் தொட்டுப் பாத்துடுங்க.

இப்ப நிஜமான டெஸ்ட், காசு செலவு இல்லாதது. லோட பிரிச்சு கொடுங்க. பிரைம்95 போட்டு பிராசஸர மட்டும் அரை மணி நேரம் ஓட்டுங்க. ஆஃப் ஆகாம தாங்குச்சுன்னா, அத நிறுத்திட்டு ஃபர்மார்க் மாதிரி ஒண்ணு போட்டு கார்ட மட்டும் ஓட்டுங்க. ரெண்டும் தனித்தனியா தாங்கி, ரெண்டையும் ஒண்ணா போடும்போது மட்டும் ஆஃப் ஆச்சுன்னா விரல் எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் நீளும், ஓசிசிடின்னு ஒரு சாஃப்ட்வேர்ல ரெண்டையும் ஒரே நேரத்துல இழுக்கற பவர் டெஸ்ட்னே தனியா இருக்கு. பிராசஸர மட்டும் ஓட்டும்போதே ஆஃப் ஆச்சுன்னா மதர்போர்டுல பிராசஸருக்கு பவர் குடுக்கற பகுதி, சிபியு கூலர், 8 பின் சிபியு கேபிள், இதெல்லாம் லிஸ்ட்ல மேல வரும். இத ஓட்டும்போது பக்கத்துலயே இருங்க, கருகின வாசனையோ சத்தமோ வந்தா உடனே பின்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஃபர்மார்க் கடைசி அடியா கூட இருக்கலாம்.

அதுக்கு அப்புறம் எதிர்த்திசையில ஒண்ணு, எனக்கு ரொம்பப் புடிச்சது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்ட 100 சதவீதத்துல இருந்து 60, 65க்கு இறக்குங்க, கேம்லயும் எஃப்பிஎஸ்ஸ (ஒரு செகண்டுக்கு எத்தன படம்) 60க்கு கட்டிப் போடுங்க, வேற எதையும் தொடாதீங்க. அரை மணி நேரத்துல ஆஃப் ஆகற கேம் இப்ப சாயங்காலம் முழுக்க ஓடுதுன்னா பவர் அளவுதான் காரணம்னு பக்கா. எஸ்எம்பிஎஸ்ஸா இல்ல கார்டோட சொந்த பவர் சர்க்யூட்டான்னு இது மட்டும் பிரிச்சு சொல்லாது, ஆனா சாஃப்ட்வேர், ரேம், விண்டோஸ் எல்லாத்தையும் ஒரே அடியில ஒதுக்கிடும், புது எஸ்எம்பிஎஸ் வர்ற வரைக்கும் மெஷின ஓட்டிக்கவும் ஆகும்.

இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. கார்டு 300 வாட்னு பாக்ஸ்ல போட்டிருந்தா அது சராசரி. மில்லி செகண்ட் கணக்குல அதே கார்டு சட்டுனு ரெண்டு மடங்கு வரைக்கும் கூட இழுத்துட்டு இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்லயே ஓவர் கரண்ட் லிமிட்ட ரொம்ப இறுக்கி வச்சிருந்தா இந்த ஸ்பைக்ல டிரிப் ஆயிடும், எஸ்எம்பிஎஸ்ல கோளாறே இருக்காது, அந்த கார்டுக்கு அது பொருந்தலன்னுதான் அர்த்தம். 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 ஸ்பெசிஃபிகேஷன்ல புது 16 பின் கனெக்டரோட வர்ற 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் வாட்டேஜ்ல 200 சதவீதத்த 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கணும்னு எழுதினதே இதுக்காகத்தான். கேம் மெனுவுல எஃப்பிஎஸ் ஆயிரத்தத் தொடும்போதோ லோடிங் முடிஞ்சு சீன் ஆரம்பிக்கற இடத்துலயோ ஆஃப் ஆகுதுன்னா இந்த ஸ்பைக்க நினைச்சுக்கோங்க.

மீட்டருக்கு வருவோம், ஆனா முன்னாடி ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டிய திறக்காதீங்க. உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 300ல இருந்து 400 வோல்ட் வரைக்கும் டிசி நிக்கும், பிளக்க புடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், ஒழுங்கா டிஸ்சார்ஜ் ஆகலன்னா ரொம்ப நேரமே இருக்கும். பாக்கணும்னா டார்ச் அடிச்சு ஃபேன் ஜாலி வழியா பாருங்க, கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கா, பழுப்பா ஏதாவது கசிஞ்சிருக்கா, கருகியிருக்கான்னு, அது போதும்.

கனெக்டர போர்டுல மாட்டியபடியே, பின்பக்கமா வயர் உள்ள போற ஓட்டைல மீட்டர் முனைய விட்டு அளக்கணும், டிசி 20 வோல்ட் ரேஞ்ச், கறுப்பு முனை ஏதாவது கறுப்பு வயர்ல. மஞ்சள் 12 வோல்ட், அது 11.40ல இருந்து 12.60 வரைக்கும் இருக்கலாம். சிவப்பு 5 வோல்ட், 4.75ல இருந்து 5.25. ஆரஞ்சு 3.3 வோல்ட், 3.14ல இருந்து 3.47. மேலயும் கீழயும் 5 சதவீதம், அவ்வளவுதான் கணக்கு. நீலம் மைனஸ் 12, அதுக்கு 10 சதவீதம் வரைக்கும் விடுவாங்க, இன்னிக்கு அத யாரும் பெருசா பயன்படுத்தறதும் இல்ல, அதப் பத்தி கவலைப்படாதீங்க. முக்கியமா, இத கேம் ஓடும்போது அளங்க, முடிஞ்சா கார்டுக்குப் போற 8 பின் கேபிள்லயும் பிராசஸர் 8 பின்லயும். ஐடில்ல 12.1, லோடுல 11.9ன்னா அருமை. லோடுல 11.5க்கு வந்து அங்கயே ஊசலாடுதுன்னா எல்லைக்குள்ளதான் இருக்கு, ஆனா எனக்கு நம்பிக்கை வராது. 11.4க்குக் கீழ போனா பேச்சே இல்ல, ஆனா எஸ்எம்பிஎஸ்ஸ திட்டறதுக்கு முன்னாடி 24 பின்லயும் ஒருதடவ அளந்துடுங்க, அங்க 12.0 இருந்து கார்டு கேபிள்ல மட்டும் 11.3ன்னா கேபிளோ கனெக்டரோ லூசு, பிளாஸ்டிக் பழுப்பாயிருக்கும், முகர்ந்து பாத்தாலே தெரியும். கார்டுல ரெண்டு சாக்கெட் இருந்தா ஒரே கேபிளோட ரெண்டு தலைய மாட்டாம எஸ்எம்பிஎஸ்ல இருந்து ரெண்டு தனி கேபிள் இழுங்க, ஒரு 8 பின்னுக்கு கணக்கு 150 வாட்.

மீட்டர் எல்லாம் சரின்னு சொன்னாலும் எஸ்எம்பிஎஸ் தப்பிச்சதா ஆகாது, ஏன்னா சாதாரண மீட்டர் ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு தடவதான் நம்பர மாத்தும், ஒரு மில்லி செகண்ட் விழுந்து எழுந்தா அதுக்கு தெரியவே தெரியாது. ரிப்பிள்னு ஒண்ணு இருக்கு, டிசி மேல ஏறி ஆடற சின்ன அலை, 12 வோல்ட்ல 120 மில்லி வோல்ட்டுக்கு மேலயும் 5, 3.3ல 50 மில்லி வோல்ட்டுக்கு மேலயும் போகக் கூடாது, கெப்பாசிட்டர் காஞ்சு போன எஸ்எம்பிஎஸ்ல சராசரி வோல்டேஜ் பளிச்சுனு சரியா இருக்கும், ரிப்பிள் மட்டும் எகிறும். அதப் பாக்க ஆசிலோஸ்கோப் வேணும், மீட்டர ஏசில போட்டு பாக்கலாம்னு சொல்வாங்க, அந்த நம்பர நம்ப முடியாது.

உங்க கேஸ் இல்ல, ஆனா இதப் படிக்கற யாருக்காவது மெஷின் சுத்தமா செத்துக் கிடக்கலாம், அதுக்கு மீட்டர் நிஜமாவே பிரமாதமான கருவி. பின்பக்க சுவிட்ச் ஆன்ல இருக்கும்போது, மெஷின் ஆஃப்லயே ஊதா வயர்ல 5 வோல்ட் இருக்கணும், இதுதான் ஸ்டாண்ட்பை. இல்லன்னா, 24 பின்ன போர்டுல இருந்து கழட்டிட்டு திரும்ப அளங்க, அப்பவும் இல்லன்னா எஸ்எம்பிஎஸ் போச்சு, கழட்டினா வருது மாட்டினா போகுதுன்னா போர்டு ஷார்ட். ஊதா சரியா இருந்தா பச்சைய அளங்க, ஆஃப்ல 3ல இருந்து 5 வோல்ட் பக்கம் நிக்கும், பவர் பட்டன அமுத்தினதும் பூஜ்யத்துக்குக் கிட்ட விழணும். விழலன்னா பட்டனோ மதர்போர்டோ கேக்கவே இல்ல, எஸ்எம்பிஎஸ் பாவம் காத்துக்கிட்டு இருக்கு. பச்சை விழுந்து மஞ்சள்ல 12 வரலன்னா எஸ்எம்பிஎஸ், இல்லன்னா ஏதோ ஷார்ட்டால உடனே டிரிப் ஆகுது. எல்லாம் வந்து சாம்பல் வயர் மட்டும் 5 வோல்ட் பக்கம் ஏறலன்னா அதுதான் பவர் குட் சிக்னல், அது வராம பிராசஸர் ஸ்டார்ட் ஆகாது, ஃபேன் எல்லாம் சுத்தும், ஸ்கிரீன் வராது. இந்த நாலு வயர அளந்தாலே எஸ்எம்பிஎஸ்ஸா போர்டான்னு பெரும்பாலும் பிரிஞ்சிடும்.

எல்லா வயரும் கறுப்பா இருக்கற கேபிள்னா, 24 பின்ல ஒரு ஓட்டை மட்டும் வயர் இல்லாம காலியா இருக்கும், பழைய மைனஸ் 5 வோல்ட் இருந்த 20ஆம் பின். அதே வரிசையில, கொஞ்சம் தூரமா இருக்கற முனைய நோக்கி எண்ணுங்க, மூணு கிரவுண்ட், நாலாவது பச்சை. பிராண்டட் ஆஃபீஸ் மெஷின் சிலதுல இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, 6 பின், 8 பின்னு அவங்க சொந்த கனெக்டர் வச்சிருப்பாங்க, அதுல கிளிப் கொண்டு போய் சொருகாதீங்க. டெல் ஆப்டிப்ளெக்ஸ் சிலதுல எஸ்எம்பிஎஸ் பின்னாடியே ஒரு டெஸ்ட் பட்டனும் சின்ன லைட்டும் இருக்கும், அத அமுத்திப் பாத்தா போதும்.

பட்டன் அமுத்தினா ஃபேன் ஒரு துள்ளு துள்ளிட்டு நிக்குதா? அது ஷார்ட் பாதுகாப்பு, இதுல குத்தவாளி எஸ்எம்பிஎஸ்ஸா இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கார்டு, டிஸ்க், யூஎஸ்பி எல்லாம் கழட்டிட்டு ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க, பிராசஸர் 8 பின்ன மட்டும் கழட்டினா ஃபேன் நிக்காம ஓடுதுன்னா போர்டுல பிராசஸருக்குப் பக்கத்துல இருக்கற மாஸ்ஃபெட் (பிராசஸருக்கு பவர சுவிட்ச் பண்ற சின்ன பாகம்) ஷார்ட் ஆயிருக்க நல்ல வாய்ப்பு, புது எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் அதுவும் இதே துள்ளுதான் துள்ளும். போர்டுக்கு அடியில தேவையில்லாத இடத்துல ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்ட தூக்கி நிறுத்தற உலோகக் குமிழ்) இருந்தாலும் இப்படி ஆகும், போர்ட வெளிய எடுத்து அட்டைப் பெட்டி மேல வச்சு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

காலையில முதல் தடவ வராது, பிளக்க போட்டு வச்சு கொஞ்ச நேரம் கழிச்சு வரும், வந்துட்டா நாள் பூரா பிரச்சினை இல்லன்னா, அது பெரும்பாலும் வயசான கெப்பாசிட்டர், கொஞ்சம் சூடானாத்தான் வேலை செய்யுது. இதுல டெஸ்ட் பண்ணிட்டு இருக்க வேண்டாம், மாத்திடுங்க.

கேபினெட்ட தொட்டா ஜிவ்வுனு ஷாக் அடிக்குதுன்னு எஸ்எம்பிஎஸ் மேல பழி போடறவங்களுக்கு, அது முக்கால்வாசி எர்த் இல்லாத சாக்கெட். எஸ்எம்பிஎஸ் வாசல்ல இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டருங்க லைன்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு இணைஞ்சிருக்கும், எர்த் இல்லன்னா பாடில மெயின்ஸ்ல பாதி வோல்டேஜ் மிதக்கும், கரண்ட் ரொம்ப கம்மி, அதனால ஜிவ்வுன்னு மட்டும் இருக்கும். எஸ்எம்பிஎஸ் எத்தன மாத்தினாலும் இது போகாது, எலக்ட்ரீஷியனக் கூப்பிடணும்.

இனி உங்க எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர படிங்க, பெருசா போட்டிருக்கற வாட்ட இல்ல, 12 வோல்ட் கட்டத்துல இருக்கற ஆம்பியர. 12ஆல பெருக்குங்க. 54 ஆம்பியர்னா 648, அது நிஜமான 650 வாட். பெருசா 500ன்னு போட்டுட்டு 12 வோல்ட்ல 22 ஆம்பியர்னு இருந்தா கையில இருக்கறது 264 வாட்தான், இன்னிக்கு பிராசஸரும் கார்டும் சாப்பிடறது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்ல இருந்துதான், மிச்ச வாட் 5லயும் 3.3லயும் சும்மா கிடக்கும். 80 பிளஸ் ஸ்டிக்கர் எஃபிஷியன்சிக்கு (இழுக்கற கரண்ட்ல எவ்வளவு வீணாகாம வெளிய வருதுன்னு) மட்டும்தான், பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்கா இருக்கா, சூட்டுல தாங்குமான்னு அது பாக்கறதில்ல, அந்த டெஸ்ட் எடுக்கறதே 23 டிகிரியிலதான், உங்க கேபினெட்டுக்குள்ள அவ்வளவு குளுமை இருக்காது.

இத்தனையும் பாத்து எஸ்எம்பிஎஸ்தான்னு தோணுச்சுன்னா, வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட இருந்து வாட் போதுமான, நல்லா ஓடற ஒண்ண ஒரு நாள் வாங்கி மாட்டி அதே கேம ஆடிப் பாருங்க, மத்த எல்லா டெஸ்ட்டும் சந்தேகத்த கூட்டும் குறைக்கும், இது மட்டும்தான் தீர்ப்பு. மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்துல ஜாக்கிரதை: மாடுலர் (கேபிள்கள பெட்டில இருந்து கழட்ட முடியற) எஸ்எம்பிஎஸ்னா பழைய கேபிள்கள அப்படியே கேபினெட்டுக்குள்ள விட்டுட்டு பெட்டிய மட்டும் மாத்தாதீங்க. போர்டு பக்கம் கனெக்டர் எல்லாருக்கும் ஒண்ணுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த வயர் எங்கன்னு எந்த ஸ்டாண்டர்டும் கிடையாது, ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்குள்ளயே மாறும், அழகா சொருகும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் முதல்ல போகும். கேபிள் எல்லாத்தையும் உருவிட்டு புதுசோட வந்தத மட்டும் போடுங்க.